அம்மா வாங்கிய குறைந்த மார்க்

ரம்யா,

பக்கத்து அறையில் இருக்கிற பெண்ணுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்றும் கேட்காதே. வாட்ஸ்அப்பால்தான் இந்தக் கதையே நடந்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. நாளை மறுநாளிலிருந்து வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அப்புறம் நீ அருணோடு நாவலூர் போய்விடுவாய், உன்னைத் தனியாக உட்காரவைத்துப் பேச எனக்கு நேரம் கிடைக்காது. நேற்று எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அதைக் கேட்டதிலிருந்து தலைகால் புரியவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள், நடுவில் ஒரு ஸ்டெப்பை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்.

நான் ஓய்வு பெற்ற கையோடு நீதான் என்னைத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மார்பகத்தைப் படம் பிடிக்கிற மேமோகிராம் எடுக்கவைத்தாய். எனக்குக் கட்டியும் இல்லை வலியும் இல்லை, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வழிநெடுக உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். படத்தில் ஓரிடத்தில் மட்டும் தூள் உப்பு சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். பால் போகிற சிறு குழாய்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிற, வெளியே பரவாத, ஆரம்ப நிலைக் கேன்சர் என்று டாக்டரம்மா சொன்னார். "ஸ்டேஜ் ஜீரோ மேடம்" என்றார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு முட்டை போட்டே பழகியவளுக்கு அன்று ஒருத்தர் முட்டை போட்டார். நான் அழவில்லை. நீ வெளியே போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தாய், எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்து, எடுத்த பகுதியின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. கதிர்வீச்சு வேண்டுமா, வேண்டாமா?

அன்று டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "சில பேருக்கு இது காலம்பூரா இருந்த இடத்துலயே கெடக்கும். சில பேருக்கு என்னைக்காவது குழாய்ச் சுவரைத் தாண்டிடும். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஆனா உள்ள இருக்கற ஜீன்கள்ல எது வேலை செய்யுது, எது சும்மா இருக்குன்னு பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும்" என்றார். சுவரைத் தாண்டிய பிறகு தெரிகிற மாற்றங்களில் பலவும் தாண்டுவதற்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகின்றனவாம். நீ தலையாட்டினாய். நான் புரியவில்லை என்று சொல்லி மறுபடியும் கேட்டேன். புரியாமல் தலையாட்டுகிற பிள்ளையை நான் வகுப்பில் விட்டதே இல்லை, என்னை மட்டும் விட்டுவிடுவேனா? கடைசியில் என் பாஷையில் நானே ஒரு விதமாகப் புரிந்துகொண்டேன். உடம்பில் இருக்கிற எல்லா செல்லுக்கும் ஒரே பாடப்புத்தகம். கண்ணில் இருக்கிற செல் அதற்குண்டான பாடத்தைத் திறந்து படிக்கும், ஈரலில் இருப்பது வேறு பாடத்தைப் படிக்கும், மற்ற பக்கங்களை மூடி வைத்திருக்கும். என் விஷயத்தில் ஒரு மூலை வகுப்பு மட்டும் கெட்டுப்போய், மூடி வைக்க வேண்டிய பக்கங்களைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. நிறுத்து என்று சொல்கிற பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. அந்தச் சத்தம் எவ்வளவு என்று அளந்து ஒரு எண் கொடுப்பதுதான் அந்த டெஸ்ட். எண் பெரிதாக இருந்தால் திரும்பி வரும் ஆபத்து அதிகம், சிறிதாக இருந்தால் குறைவு.

இதை உனக்கு ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், குடும்பமும் அப்படித்தான். வெளியே ஒன்றும் தெரியாது. சாப்பாடு நடக்கும், ஆபீஸ் நடக்கும், பண்டிகைக்குப் புதுத்துணி எடுப்பீர்கள். உள்ளே ஒரு மூலையில் சத்தம் கூடிக்கொண்டிருக்கும். அருண் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருந்தால் அன்றைக்கே கேள். நீ ஒரு நாள் மனசுக்குள் பொருமினால் அன்றைக்கே சொல். சுவர் தாண்டட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே.

என்னுடைய எண் வந்தது. மிகவும் சின்ன எண். டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. கதிர்வீச்சு இல்லாமலே விட்டுவிடலாம், வருஷா வருஷம் தவறாமல் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையது என்றார். நான் யோசித்து, நல்லது கெட்டது இரண்டையும் கேட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அத்தோடு முதலிலேயே ரத்தம் எடுத்து வேறொரு டெஸ்ட்டும் அனுப்பியிருந்தார்கள். அது பரம்பரையாக வருகிற கோளாறு ஏதாவது என் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது. அதிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா போனிலேயே சொல்லிவிட்டார். இது உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். இந்த இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள், இதில்தான் எல்லாமே இருக்கிறது.

உன் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைக் கேட்டாரா, உன்னைக் கேட்டாரா? நேராக நம் குடியிருப்பு குரூப்பில் போய், "என் மனைவியின் ஜீன் டெஸ்டில் ஸ்கோர் மிக மிகக் குறைவு, இறைவனுக்கு நன்றி" என்று பூங்கொத்தெல்லாம் வைத்துப் போட்டுவிட்டார். மூன்றாம் மாடிக்காரர், "கவலைப்படாதீங்க சார், அடுத்த டெஸ்ட்ல நல்ல ஸ்கோர் வரும்" என்று ஆறுதல் சொன்னார். "டீச்சருக்கே மார்க் கம்மியா?" என்று ஒரு அம்மா கேட்டார். ஒருத்தர் அவசரத்தில் ஆழ்ந்த இரங்கல் என்று போட்டுவிட்டு அழித்தார். குறைவாக வாங்கினால்தான் நல்லது என்று அப்பா விளக்கம் எழுத எழுத அது இன்னும் குழம்பியது. ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தக் கையால் சிவப்பு மை போட்டிருக்கிறேன் இல்லையா, என் மார்க் மட்டும் பெருங்களத்தூர் முழுக்கத் தெரிந்துபோனது. நீயும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நாம் சிரித்ததோடு அது நிற்கவில்லை. அந்த குரூப்பில் அருணுக்குச் சித்தி முறை ஆகிற ஒரு அம்மாவும் இருந்தார். செய்தி ராஜகீழ்ப்பாக்கத்தில் அருண் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஸ்கோர் காணாமல் போய், ஜீன் மட்டும் மிஞ்சியது. பெண்ணுடைய அம்மாவுக்குக் கேன்சராம், ஜீன்லேயே இருக்கிறதாம், அப்படியென்றால் பெண்ணுக்கும் வருமாம். தீபாவளிக்கு முன்னால், ஊருக்குப் போகிற ஜனம் எல்லாம் ஜிஎஸ்டி ரோட்டில் பைகளோடு நிற்கிற மத்தியான நேரத்தில், அருணின் அம்மாவும் அவருடைய அண்ணனும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ ஆபீஸில் இருந்தாய். அவர்கள் வந்து போனார்கள் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன். நடந்ததைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்லக் கூடாது. அப்பா இல்லாத பையனுக்கு அப்பா ஸ்தானத்தில் நின்று பெயின்ட் கடையையும் வாடகை போர்ஷன்களையும் பார்த்துக்கொள்கிறவர். காபியைத் தொடாமல் ஆரம்பித்தார். "நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல சார். ஜீன்லயே கீதுன்னு சொல்றாங்கோ. நாளைக்குப் புள்ள குட்டின்னு ஆனப்பறம் பேஜாராவக் கூடாது பாருங்க. பொண்ணுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. ரிசல்ட் வந்ததும் பத்திரிகை அடிச்சிக்கலாம்."

அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் ரிசல்ட்டே இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, கவலையை விடுங்கள் என்று சொல்லப்போகிறார். அதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும், அவரும் காபியைக் குடித்திருப்பார். நான் அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வை அவருக்கு அத்துப்படி.

ஹாலில் இன்னும் மாட்டியிருக்கிற டியூஷன் போர்டில் முதலில் ஒரு குழாய் வரைந்தேன். உனக்கு மேலே எழுதினேனே, அதையே அவருக்கும் சொன்னேன். அந்த டெஸ்ட் அளந்தது ஒரு மூலையில் இருந்த சத்தத்தை, அந்த மூலையை வெட்டி எடுத்தாகிவிட்டது, நான் என் பெண்ணுக்குக் கொடுத்தது அந்தச் சத்தத்தை இல்லை என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "அதெல்லாம் சரி டீச்சர், பரம்பரையா வர்றதுக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் கீதாமே, அதான் கேக்கறோம்" என்றார். விவரம் தெரிந்த மனிதர்தான். நான் மார்க்கரை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்: "இருக்கு. என் பொண்ணு அவ உடம்புக்காக, அவ டாக்டர் சொன்னா எடுப்பா. உங்க வீட்டுக்கு வர்றதுக்காக எடுக்க மாட்டா."

ரம்யா, ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கலாம். கையில் சரியான விடையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வீம்பு? நான் யோசித்தது இதுதான். இன்று விடையைக் காட்டினால் நீ அந்த வீட்டுக்குள் பாஸ் ஆன பெண்ணாகப் போவாய். பாஸ் ஆனவளுக்கு அடுத்த தேர்வு வரும். பிள்ளை உண்டாவதில் தாமதமானால் ஒரு டெஸ்ட், குழந்தை கறுப்பாகப் பிறந்தால் ஒரு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாம் விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதைவிட எனக்கு வேறொரு எண்ணம்தான் பெரிதாக இருந்தது. விடை வேறு மாதிரி வந்திருந்தால்? அப்போதும் நீ இதே ரம்யாதானே? அந்த ரம்யாவுக்கு இடமில்லாத வீட்டில் இந்த ரம்யா எதற்குப் போய் நிற்க வேண்டும்?

என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா வீட்டார் என்னை நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள். நடந்தேன், பாடினேன். பிறகு நான் உன் அப்பாவைப் பார்த்து, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கள் என்றேன். மனிதர் எழுந்து நின்று, பாதி வரை வந்து தடுமாறினார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இரண்டாவது ஆரம்பத்துக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். கேட்கிற உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் அது சம்பந்தம் இல்லை, நீ அதை எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ளாதே.

பெரியவர் எழுந்துவிட்டார். "அப்ப நாங்க யோசிக்கணும் சார்" என்றார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக அந்தப் பையன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உன் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவள் நான். அதை வைத்து நான் பந்தயம் கட்டிவிட்டேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அந்த நேரத்தில் உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அருணின் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. போர்டில் நான் வரைந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் டீச்சர், வலியே இல்லாம எப்படித் தெரிஞ்சிது?" என்று கேட்டார். என் பெண் வம்பு பண்ணி இழுத்துக்கொண்டு போனாள் என்றேன். "உங்களுக்கு ஒரு பொண்ணு கீது, இழுத்துகினு போறதுக்கு" என்றார். அப்புறம் வாசல் வரை போய்விட்ட அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க வா. உன் மச்சான் இன்னா வயசுல போனாரு?"

"அது எதுக்கு இப்ப?"

"நெஞ்சைப் புடிச்சிகினு கடையிலயே உக்காந்தாரே, தலைகூட நரைக்கல. அவங்க அப்பாரும் அப்படித்தான் போனாரு. நம்ம வூட்ல சுகர் இல்லாத ஆளு யாரு, சொல்லு. இவங்க ஒருத்தராச்சும் நம்ம அருணுக்கு நெஞ்சைப் போட்டோ புடிச்சிகினு வான்னு கேட்டாங்களா? நாம மட்டும் கேக்கறோம். கேக்கச் சொல்லோ உனக்கு வெக்கமா இல்ல? எனக்குக் கீது."

பெரியவர் செருப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்மா" என்றார். "நல்லதுக்குன்னா பத்திரிகை அடிக்கக் குடு" என்றார் அந்த அம்மா. ரம்யா, நான் எத்தனையோ தலைமை ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி இரண்டு வரியில் ஒரு கூட்டத்தை முடித்துவைத்தவர் யாரும் கிடையாது. பெரியவர் திரும்ப வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். வெளியே ரோட்டில் வண்டி நகரவில்லை, அவரால் போயிருக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

சமையலறைக்கு அந்த அம்மாவும் கூடவே வந்தார். அங்கே வைத்து, என் ரத்த டெஸ்ட் எப்போதோ எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்று சொன்னேன். என்னை முறைத்துப் பார்த்தார். "அடிப்பாவி டீச்சர்! அத முன்னாடியே சொல்லியிருந்தா நான் அண்ணங்கூட இவ்ளோ சண்டை போட்டிருக்க வேணாமே!" என்றார். "நீங்க போடுவீங்களான்னு பார்க்கத்தான் சொல்லல" என்றேன். சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. தீபாவளி முடிந்ததும் அவரை நான் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். படத்தில் ஒரு புள்ளியும் இல்லை. இரண்டு பேரும் வெளியே வந்து ரோஸ் மில்க் குடித்தோம். சம்பந்திகள் இப்படி நடுரோட்டில் நின்று சிரித்து நான் பார்த்ததில்லை.

என் ரிசல்ட் சுத்தமாக வந்ததால் நீ கவலையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. எந்த வயதிலிருந்து நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். புது வீடு, வேலை, குழந்தை என்று ஆயிரம் காரணம் வரும், அந்த நாளை மட்டும் தள்ளிப்போடாதே. நான் இன்று இந்தக் கடிதத்தை இப்படித் திமிராக எழுதிக்கொண்டிருப்பதற்கு நீ அன்று ஸ்கூட்டியைத் திருப்பாமல் ஓட்டியதுதான் காரணம். சத்தம் ஒரு மூலையில் இருந்தபோதே பிடித்துவிட்டோம். நான் ஜெயித்துவிட்டேன் ரம்யா. மணமேடையில் உன் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அறுவை சிகிச்சையில் இறுகிப்போன இந்தத் தோள் வலிக்கும். வலிக்கட்டும், அது என் தோள், என்னோடு இருக்கிறது.

இத்தனை ஜெயித்தும் ஒரு உறுத்தல் மட்டும் போகவில்லை. உன் கல்யாணத்தை உன்னைக் கேட்காமல் பணயம் வைத்தேனே, அந்தப் பெரியவர் படியிறங்கிப் போயிருந்தால் உன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? இதை உன்னிடம் சொல்லவும் முடியாமல், மறைக்கவும் பிடிக்காமல் இருந்தேன். நேற்று மண்டப விஷயமாக அருண் வந்திருந்தார். அப்பா கீழே போயிருந்தார். அருண் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, தீபாவளி சமயத்துல ஒண்ணு நடந்துச்சு, ரம்யா உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா" என்று ஆரம்பித்தார்.

மாமா அவருக்கும் போன் செய்திருக்கிறார். உடனே அருண் உங்கள் ஆபீஸ் கேன்டீனில் உன்னிடம் வந்து, சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமா, மாமா வாயை அடைத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறார். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு, "எடுத்து, இருக்குன்னு வந்தா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டாயாம். அவர் "அது வந்து..." என்று இழுத்தாராம். "யோசிச்சிட்டு வா. அதுவரைக்கும் டெஸ்ட்டும் கிடையாது, கல்யாணமும் கிடையாது" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாயாம். மாமா நம் வீட்டுக்கு வந்திருந்த அதே நாள், அதே மத்தியான நேரம்தான் என்றார். நான் போன் செய்தபோது நீ ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சாயந்தரம் கேப் ஏறற எடத்துல போய் நின்னேன் ஆன்ட்டி. இருக்குன்னு வந்தா ஹாஸ்பிடலுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னேன். சரின்னு மட்டும் சொல்லிட்டு ஏறிட்டா. போன வாரம்தான் சொல்றா, உங்க ரிசல்ட் முன்னாடியே நல்லபடியா வந்திடுச்சு, அதனால அவளுக்கும் பயமில்லைன்னு. அன்னைக்கே அவளுக்குத் தெரியுமாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கு முழுக்க அப்படித் தவிச்சிருக்க மாட்டேனே. ஏன் ஆன்ட்டி அவ சொல்லவே இல்ல?"

எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று, வெளியே பார்ப்பதுபோல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு திரும்பி வந்து, பாவம் அந்தப் பிள்ளையின் தோளில் தட்டிச் சொன்னேன்: "அவ என் பொண்ணு தம்பி. போகப் போக உங்களுக்குப் பழகிடும்."

உன்
அம்மா